பழைய கிணற்றடியில் கேட்ட கதை

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்றோர் ஊர் உண்டு. முற்காலத்தில் அங்குள்ள குன்றின்மேல் ஆங்கிலிக்கன் சிற்றாலயம் ஒன்று இருந்தமையால் இப்பெயர் பெற்றது. இன்று அவ்வூருக்கு உயிர்நாடியாய் விளங்குவது மாநிலப் பல்கலைக்கழகம். உறவினரைக் காணச் சென்றிருந்த நான், இளவேனிற் காலை ஒன்றில் அதனைச் சுற்றிப் பார்த்தேன்.

ஓங்கிய மரங்களுக்கு நடுவே, வெண்தூண்கள் தாங்கும் சிறு மண்டபம் ஒன்று நிற்கின்றது. 'பழைய கிணறு' என்பது அதன் பெயர். வகுப்புத் தொடங்கும் முதல் நாளன்று அங்கே நீர் அருந்தினால் நல்ல மதிப்பெண் கிட்டும் என்பது மாணவர் நம்பிக்கை. அருகிலேயே 1793-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற 'ஓல்டு ஈஸ்ட்' கட்டடம் உள்ளது. 1795 சனவரியில் கல்லூரி திறக்கப்பட்டபோது மாணவர் ஒருவரும் வந்திலர். பிப்ரவரி 12-ஆம் நாள் ஹின்டன் ஜேம்ஸ் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். வில்மிங்டன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 170 மைல் நடந்தே வந்தார் என்பது வழிவழியாக வழங்கிவரும் செய்தி. இரு வாரங்கள் வரை அவர் ஒருவரே அங்கு மாணவர்!

எனக்கு இடங்களைக் காட்டி வந்தவள், மேற்கு விர்ஜீனியா மலைநாட்டைச் சேர்ந்த மாணவி. 1949-இல் திறக்கப்பெற்ற கோளரங்கக் கட்டடத்தின் முன் நின்று, "ஐயா, என் வாழ்வு திரும்பியது இங்கேதான்" என்றாள். ஜான் மாட்லி மோர்ஹெட் என்னும் செல்வர் 1945-இல் நிறுவிய உதவித்தொகை நிதியத்தின் இல்லமும் அக்கட்டடமே. 2007 முதல் அது மோர்ஹெட்-கெய்ன் எனப்படுகின்றது. நான்காண்டுப் படிப்புச் செலவு முழுவதையும் அது ஏற்கின்றது. இறுதி நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்படுவோரின் வழிச்செலவும் அதனுடையதே.

எல்லா இடத்திலும் இவ்வாறு இல்லை. இந்நிதியத்துக்கு முன்மாதிரியாக விளங்கிய புகழ்மிக்க ரோட்ஸ் உதவித்தொகைக்கே, அமெரிக்க இளைஞர்கள் நெடுங்காலம் தத்தம் செலவில்தான் தேர்வு நகருக்குச் சென்று வந்தனர். 2020-இல் பெருந்தொற்றின்போது, வீட்டிலிருந்தே கணினி வழியாகத் தேர்வு நடைபெற்றது.

அம்மாணவிக்கு இரு மடல்கள் வந்தனவாம். ஒன்று இந்நிதியத்திலிருந்து வந்தது. மற்றொன்று மேலைக் கடற்கரைக் கல்லூரி ஒன்றிலிருந்து வந்தது. பின்னதில், "பயணச் செலவு தங்களுடையது" என்று ஒரு வரி. விமானக் கட்டணம், விடுதி, ஊர்தி, உணவு, தாய் விடுப்பெடுத்தால் இழக்கும் கூலி ஆகியவற்றையெல்லாம் அடுக்களை மேசையில் கூட்டிப் பார்த்தார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்நிலைதான். உதவித்தொகையோ உறுதியில்லை, செலவு மட்டும் உறுதி.

"அம்மா மடலை மடித்து வைத்துவிட்டார். நான் அன்றிரவே அக்கல்லூரி அலுவலகத்துக்கு எங்கள் நிலையைக் கூறி எழுதினேன். மூன்றாம் நாள் பயணச்சீட்டே வந்தது. இதற்கெனத் தனித் தொகை வைத்திருந்தார்களாம்; மடலில் மட்டும் அதனைக் குறிக்கவில்லை."

"பின் என்ன குறை?" என்றேன்.

"என் பள்ளித் தோழனுக்கும் அதே மடல் வந்தது, ஐயா. என்னினும் நன்றாகப் படிப்பவன். கேட்பதற்கு நாணி, வர இயலாதென எழுதிவிட்டான். அவன் செய்ததை நான் அறிந்தபோது தேர்வு முடிந்துவிட்டது."

அவள் குரல் தாழ்ந்தது. நானும் வாளாவிருந்தேன்.

பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கும் தொலைவிலிருந்து இத்தகைய அழைப்பு வரலாம். வழிச்செலவை எண்ணி மடலை மடித்து வைக்குமுன், மூன்று செய்திகளைக் கேட்டு எழுதுங்கள். செலவுக்கு உதவி உண்டா? முன்பணமாகத் தருவார்களா, சீட்டுகளைக் காட்டிய பின்னரா? கணினி வழியே தேர்வு நடத்த இயலுமா? பிள்ளையே தன் கையால் எழுதட்டும். உள்ள நிலையை உள்ளவாறு உரைப்பதில் இழிவு யாதும் இல்லை. அழைப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: உதவி உண்டெனில் அதனை முதல் மடலிலேயே எழுதிவிடுங்கள்.

விடைபெறுமுன் அக்கிணற்றடியில் நானும் ஒரு வாய் நீர் அருந்தினேன். 170 மைல் நடந்து வந்தவரை நாடு நினைவில் வைத்திருக்கின்றது. புறப்படாமலே நின்றுவிட்ட அம்மலைநாட்டு மகனின் நினைவுதான் என்னுடன் ஊர் வரை வந்தது.