டேப்லெட்டும் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகமும்

செமஸ்டர் முடியுறப்ப வர்ற ஃபீட்பேக் ஃபார்மை நீங்க எப்படி நிரப்புவீங்க? முதல் கேள்விக்கு நாலு, அப்புறம் மேலிருந்து கீழ வரைக்கும் நாலு, சப்மிட். ஆன்லைன் கோர்ஸுக்கும் அதே கதைதான். என்பிடெல் வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு, அசைன்மென்ட் விடையை டெலிகிராம்ல தேடி எடுத்துட்டு, கடைசியில ஐந்து ஸ்டார் குத்திட்டு வந்துடுவோம். நமக்கு அதுல எந்த நஷ்டமும் இல்ல. ஆனா ஒருத்தங்க கூலிக் காசைக் கணக்குப் பார்த்துக்கிட்டே, "தம்பி, நீ இன்ஜினியரிங் படிக்கிறேல்ல, இந்தப் படிப்பு ஆப்பு வாங்கலாமா வேண்டாமா, சொல்லு"ன்னு கேட்டா எத்தனை ஸ்டார் போடுவீங்க? (ஆப்னு சொல்ல வந்து ஆப்புன்னுதான் சொன்னாங்க. பின்னாடி யோசிச்சா பொருத்தமாத்தான் இருந்துச்சு.)

கேட்டது எங்க தெரு அக்கா. ஃபயர் ஆபீஸ்ல பேக்கிங் வேலை. வெளியூர் மக்களுக்கு ஒரு விளக்கம்: சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையை யாரும் ஆலைன்னு சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், ஃபயர் ஆபீஸ், அவ்வளவுதான். அவங்க பொண்ணு அரசுப் பள்ளியில தமிழ் மீடியம் பத்தாவது. காலாண்டுத் தேர்வுல அறிவியல் 75-க்கு 29. அந்த வாரமே பைக்குல ரெண்டு பேர் வந்து ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, ஏழு நாள் சும்மா பாருங்க, பிடிச்சா எடுத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கம்பெனி பேர் இங்க வேண்டாம். முன்பணம் 2,000, அப்புறம் மாசம் 1,300 வீதம் 20 மாசம். மொத்தம் 28,000 ரூபாய்.

இந்த 20 மாசத்தை எங்க ஊர்க் காலண்டர்ல வச்சுப் பாருங்க. சம்பளம் வாரக் கூலி. தீபாவளி முடிஞ்சா ஆபீஸ் பூட்டிடுவாங்க, திறக்க வாரக்கணக்கு ஆகும். எங்கேயாவது விபத்து நடந்தா ஆய்வு, மறுபடி வேலை இல்ல. 2018-ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் தீபாவளிக்கு மூடின ஆலைகள் மாதக்கணக்குல திறக்கவே இல்ல. தவணைக்கு மட்டும் லீவு கிடையாது. ஒரு ஆப் நல்லதான்னு பார்க்கும்போது அதோட வீடியோ தரத்துக்கு முன்னாடி இதைத்தான் பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு. ஆனா அக்காகிட்ட அதை மட்டும் சொல்லி அனுப்ப மனசு வரல. "காசு இல்லாதவங்க ஆசைப்படக் கூடாது"ன்னு சொல்ற மாதிரி ஆயிடும். அதனால அந்த ஏழு நாளும் சாயங்காலம் பொண்ணோட உட்கார்ந்து நிஜமாவே சோதிச்சுப் பார்த்தோம்.

ஒரு பக்கம் டேப்லெட். இன்னொரு பக்கம் அவளோட பாடப் புத்தகம். தமிழ்நாட்டுல 2018-ல 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தப்பவே புத்தகத்துக்குள்ள க்யூஆர் கோடு வச்சாங்க. பத்தாவதுக்கு அடுத்த வருஷம் வந்துச்சு. தீக்ஷா ஆப்ல ஸ்கேன் பண்ணினா அந்தப் பாடத்துக்கான வீடியோ, பயிற்சி எல்லாம் திறக்கும். கேமரா சரியில்லாத போனா இருந்தா கோடுக்குக் கீழ இருக்கிற ஆறு எழுத்தை டைப் பண்ணினாலும் போதும். ஒரு தடவை டவுன்லோடு பண்ணிட்டா நெட் இல்லாமலும் ஓடும். பைசா செலவில்ல. கல்வித் தொலைக்காட்சி 2019-ல வந்துச்சு, மணற்கேணி ஆப் 2023-ல வந்துச்சு, அதுவும் இலவசம். இவ்வளவும் கையில இருக்குன்னு அக்காவுக்குத் தெரியாது. புத்தகத்துல இருக்கிற கறுப்புக் கட்டத்தை விலைப்பட்டைன்னு நினைச்சிருக்காங்க. ஊரே அச்சாபீஸா இருக்கிற சிவகாசியில இப்படி!

முதல் நாள் ஓம் விதி. டேப்லெட் வீடியோ அசத்தலா இருந்துச்சு. தண்ணித் தொட்டி, குழாய், உள்ள ஓடுற எலக்ட்ரான் எல்லாமே முப்பரிமாண அனிமேஷன். பேசினது தமிழ்தான், ஆனா கரண்ட், வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ், "ப்ரபோர்ஷனல்"னு போச்சு. எனக்கு நாலு நிமிஷத்துல சுத்தமா புரிஞ்சது. அவளுக்குப் புரியல. அந்த வீடியோ என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆளுக்காக எடுத்தது, மேல தமிழ் பூசியிருக்காங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது நாள் புத்தகத்துல இருக்கிற கோடு. பளபளப்பு கம்மி. ஆனா மின்தடை, மின்னழுத்த வேறுபாடு, நேர்விகிதம்னு அவ பரீட்சைல எழுத வேண்டிய வார்த்தைகளாவே வந்துச்சு, பாடத்தோட அதே வரிசையில. இப்ப முழிச்சது நான். "அண்ணே, மின்தடைன்னா நீங்க சொல்ற ரெசிஸ்டன்ஸு"ன்னு அவதான் எனக்கு மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தா. நாலு வருஷமா ட்ரிபிள்இ படிக்கிறவனுக்கு!

மூணாவது நாள் நடந்தது எந்தத் திரையிலயும் இல்லாதது. நாங்க மின்கடத்தி பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். அப்பதான் வேலை முடிஞ்சு வந்த அக்கா கேட்டாங்க: "எங்க ஆபீஸ்ல மருந்து அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போகச் சொல்றாங்களே, அது இதுதானா?" அதேதான். உடம்புல, துணியில சேர்ந்திருக்கிற நிலைமின்சாரம் தகடு வழியா பூமிக்கு இறங்கிடும். இறங்கலன்னா ஒரு சின்னப் பொறி போதும். தரையில ரப்பர் ஷீட் விரிக்கிறது, செருப்பு இல்லாம போறது, நைலான் சேலை கட்டக் கூடாதுங்கிறது எல்லாம் இதுக்கும் உராய்வுக்கும் பயந்துதான். இத்தனை வருஷமா விதின்னு சொல்லித் தொட்டுட்டுப் போன தகட்டுக்கு அன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சது அக்காவுக்கு. பொண்ணு உடனே, "இரும்புத் தகடு வச்சா ஆகாதா"ன்னு கேட்டா. இரும்பும் கடத்தும்தான், ஆனா இரும்போட உரசல்ல பொறி வரும், துருவும் பிடிக்கும்னு சொன்னேன். அந்த ஒரு கேள்வியில இருந்து நிலைமின்சாரம், பூமித் தொடர்பு, எரிதல் வினைன்னு முக்கால் மணி நேரம் ஓடிடுச்சு. நான் பார்த்த உருப்படியான வகுப்புகள்ல அது ஒண்ணு.

இதைச் சொல்லி டெக்னாலஜியே வேஸ்ட்னு முடிக்கப் போறேன்னு நினைக்காதீங்க. டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு மென்பொருளை வச்சு முரளிதரன், சிங், கனிமியன் செஞ்ச ஆய்வு 2019-ல அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூல வந்துச்சு. விண்ணப்பிச்ச பிள்ளைகள்ல குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு மட்டும் இடம் கொடுத்தாங்க. நாலரை மாசத்துல கணக்குலயும் இந்தியிலயும் நல்ல முன்னேற்றம். காரணம் அனிமேஷன் இல்ல. ஏழாவது படிக்கிற பிள்ளை நிஜத்துல நாலாவது கணக்குல நிக்குதுன்னா, அந்த மென்பொருள் நாலாவதுல இருந்து ஆரம்பிச்சது. பெரு நாட்டுல பிள்ளைகளுக்கு லேப்டாப்பை மட்டும் கொடுத்துட்டு விட்டப்ப மொழிப்பாடம், கணக்கு மதிப்பெண்ல மாற்றமே தெரியலன்னு 2012-ல வந்த ஆய்வு சொல்லுது. நம்ம ஊர்லயே கொரோனா இழப்பைச் சரிக்கட்டினதுல இல்லம் தேடிக் கல்விக்குச் சுமார் கால் பங்கு இருக்குன்னு கணக்கிட்டிருக்காங்க. அதுல இருந்தது சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டி வச்சுச் சொல்லிக்கொடுத்த தெரு அக்காக்கள்தான்.

அதனால டேப்லெட்ல நான் தேடினது ஒண்ணுதான்: இவ எங்க நிக்கிறான்னு இது கேட்குதா? கேட்கல. பத்தாவதுன்னு போட்டதும் பத்தாவது பாடம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. அவளுக்குப் பின்னத்தை வகுக்கத் தெரியாதது அதுக்குத் தெரியாது. வீடியோ முடிஞ்சதும் வர்ற க்விஸ் முழுக்க சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிறது. பத்தாவது அறிவியல் தாள்ல 75-க்கு 12 மார்க்தான் அப்படி. மீதி 63 மார்க்குக்குக் கையால எழுதணும். ரெண்டு வீடியோவுக்கும் ஒரே சோதனை வச்சேன்: பார்த்து முடிச்சு, திரையை அணைச்சுட்டு, வெள்ளைத் தாள்ல ஞாபகம் இருக்கிறதை எழுது. ரெண்டுலயும் முதல் தடவை மூணு வரியைத் தாண்டல. "பார்க்கும்போது புரியுதுண்ணே, மூடினா போயிடுது"ன்னா. திரும்பத் திரும்பப் பார்க்கிறதைவிட, மூடி வச்சுட்டு நினைவுல இருந்து எடுக்கிறதுதான் மனசுல நிக்கும்னு கார்பிக்கியும் ரோடிகரும் 2008-லயே சயின்ஸ் இதழ்ல காட்டியிருக்காங்க. அதுக்கு ஒரு ரூபா நோட்டும் பேனாவும் போதும்.

அப்புறம் போன். ஃபயர் ஆபீஸ் கேட்டைத் தாண்டிப் போன் போக முடியாது, அதனால அக்கா போனைப் பகல்ல வீட்டுலயே வச்சுட்டுப் போறாங்க. பொண்ணு ஸ்கூல்ல இருந்து வந்ததும் அம்மா வர்ற வரைக்கும் போன் அவகிட்ட. இந்த ஒன்றரை மணி நேரம் போதும்னு ஆனப்பவே தனி டேப்லெட்டோட தேவை பாதி போயிடுச்சு.

இலவசம்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னும் இல்ல. தீக்ஷாவுல லட்சக்கணக்கான ஆசிரியர், மாணவர் விவரம் பாதுகாப்பில்லாத சர்வர்ல ஒரு வருஷத்துக்கு மேல திறந்து கிடந்ததை 2023 ஜனவரியில வயர்ட் பத்திரிகை வெளியிட்டுச்சு. அதனால லாகின் இல்லாமலே பார்க்கிற மாதிரி வச்சுக் கொடுத்தேன். டேப்லெட்காரங்க ஃபார்ம்ல ஆதார் நம்பர், பேங்க் கணக்கு, சொந்தக்காரங்க ரெண்டு பேர் போன் நம்பர்னு கேட்டிருந்தாங்க. அந்தக் கடைசி ரெண்டு எதுக்குன்னு அக்காவுக்கே புரிஞ்சிருச்சு.

எட்டாவது நாள் வந்தவங்ககிட்ட அக்காவே பேசினாங்க. "தீபாவளிக்கு அப்புறம் ஆபீஸ் திறக்குற வரைக்கும் தவணை வேண்டாம்னு எழுதித் தாங்க, வாங்கிக்கிறேன்." முடியாதுன்னாங்க. டேப்லெட் திரும்பிப் போச்சு. பொண்ணுக்கு முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்துச்சு, அந்த முப்பரிமாண எலக்ட்ரான் அவளுக்குப் பிடிச்சிருந்தது.

அரையாண்டுல 75-க்கு 41. இதுல க்யூஆர் கோடுக்கு எவ்வளவு, வெள்ளைத் தாளுக்கு எவ்வளவு, செம்புத் தகட்டுக்கு எவ்வளவுன்னு பிரிக்க என்கிட்ட வழி இல்ல. குலுக்கல் போட இன்னொரு பிள்ளை இல்லையே. பாடத்துல தொடர் இணைப்பு வந்துடுச்சு, பக்க இணைப்புக் கணக்குல இன்னும் மாட்டிக்கிறா. போன கோயில் கொடைக்குக் கட்டின சீரியல் லைட்டு ஒண்ணு வீட்டுல கிடக்குது, வர்ற ஞாயித்துக்கிழமை அதைப் பிரிச்சு உட்காரலாம்னு இருக்கோம்.