நாகஸ்வரத்துக்கு ஒரு மைக்

"சார், அம்பது வருஷமா வாசிக்கிறேன். நான் வாசிச்சதை நானே உக்காந்து கேட்டதில்லை. உங்க கேமராவுல பிடிச்சுத் தருவீங்களா?"

கப்பலூர் பக்கத்துக் கோயில் ஒன்றில் வாசித்துவந்த நாகஸ்வர வித்வான் என்னிடம் இப்படிக் கேட்டார். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அக்காள் மகன் பாரிஸிலிருந்து வந்தபோது கைக்கு அடக்கமான வீடியோ கேமரா ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். பேரனின் பிறந்தநாளைத் தவிர வேறெதற்கும் அதை நான் தொட்டதில்லை.

நான் பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆனால் காதில் விழுந்ததெல்லாம் நாகஸ்வரம்தான். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானபோது நான் சிறுவன். அவருடைய தோடியை இசைத்தட்டில்தான் கேட்டேன். வேலைக்காக மதுரைப் பக்கம் வந்து இங்கேயே வீடு கட்டிய பிறகும் அந்த ஆசை விடவில்லை. இந்த ஊருக்கும் அதில் பெருமை உண்டு. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்தானே! ஆகவே வித்வான் கேட்டதும் மறுக்கத் தோன்றவில்லை.

பங்குனி உத்திரத்தன்று ஒன்றரை மணி நேரம் பதிவு செய்தேன். மறுநாள் அவரை வீட்டுக்கு அழைத்து டிவியில் போட்டுக் காட்டினேன். படம் அருமை. சத்தம்தான் கேட்கச் சகிக்கவில்லை. தவிலில் ஒரு அடி விழுந்ததும் நாகஸ்வரம் கிணற்றுக்குள் போய்விடும். அடி நின்றால் மெல்ல மேலேறி வரும். அதற்குள் அடுத்த அடி விழும். ராகம் இழைந்து வரும் அமைதியான இடத்தில் சுருதிப் பெட்டியும், டோல்கேட்டைத் தாண்டும் லாரிகளின் உறுமலும் பெரிதாகக் கேட்டன. உச்சத்தில் வாசித்த இடமெல்லாம் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கரகரத்தது.

வித்வான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தவில் தம்பி நல்லா அடிச்சிருக்கான் சார்" என்றார். காப்பி கூடச் சாப்பிடாமல் போய்விட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மைக்கை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். முதலில் சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கினேன். அது செல்போனுக்கானது. அதன் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள். கேமராவுக்கு வேண்டியது இரண்டு வளையம் உள்ள பின். இரண்டும் 3.5 மில்லிமீட்டர்தான், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அரை மணி நேரம் பதிவு செய்து பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை, ஊமைப் படம்! இரண்டாம் முறை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்காரத் தம்பி துப்பாக்கிக் குழல் போல நீண்ட மைக்கைக் காட்டினார். எதிரே நிற்பவரின் பேச்சைப் பிடிக்க அது நல்லதுதான். ஆனால் அது முன்னால் இருப்பதை மட்டும் குறிவைத்துக் கேட்கும். நாகஸ்வரக்காரரைப் பார்த்து வைத்தால் தவில் ஓரத்துக்குப் போய்விடும். கல் மண்டபத்தின் எதிரொலியும் அதில் ஒரு மாதிரி ஒல்லியாகக் கேட்கும். பாடகர்கள் கையில் பிடிக்கும் மேடை மைக்கில் மூன்று முள் இணைப்பு, என் கேமராவில் அதற்கு வழியில்லை. ஸ்டுடியோ மைக்குக்கோ 48 வோல்ட் மின்சாரம் தர வேண்டும். கேமரா தருவது சில வோல்ட்தான்.

கடைசியில் ஒரே கூட்டுக்குள் இரண்டு காதுகள் உள்ள ஸ்டீரியோ மைக் வாங்கினேன். உள்ளே சிறிய பேட்டரி. சத்தத்தைப் பத்து டெசிபல் குறைக்க ஒரு சுவிட்சும், காற்றின் உறுமலை வெட்ட இன்னொரு சுவிட்சும் இருந்தன. வாயில் பஞ்சு உறை. ஆடிக் காற்றில் பஞ்சு போதாது, ரோமம் வைத்த உறைதான் தாங்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அதையும் மாட்டி ஒரு கல்யாண ஊர்வலத்தில் சோதித்தேன். ஒலி துலக்கமாக இருந்தது. ஆனால் தவில் அடித்ததும் நாகஸ்வரம் கிணற்றுக்குள்ளேதான் போனது!

அப்போதுதான் கேமராவோடு வந்த பிரெஞ்சுக் கையேட்டைத் தூசி தட்டினேன். படித்த பிரெஞ்சு அதுவரை எனக்கு உதவியதெல்லாம், ஊருக்குப் போகும்போது பிரான்ஸ் பென்ஷன்காரர்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்வதற்குத்தான். நடுப்பக்கத்தில் இருந்தது விஷயம்: மைக்கின் 'நிவோ', அதாவது ஒலி அளவு, தானாகவா கையாலா? தானாக என்றால், சத்தம் கூடினால் குறைப்பதும் குறைந்தால் கூட்டுவதுமாக, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ரேடியோக் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பது போல. அந்த ஆள் உட்கார்ந்திருப்பது கேமராவுக்குள். எந்த மைக் மாட்டினாலும் அவர் திருகுவார். அவரை வெளியேற்ற மெனுவில் மூன்று படி இறங்க வேண்டியிருந்தது. எல்லாக் கேமராவிலும் அந்த வழியும் கிடையாது. மைக் வாங்குமுன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

படிக்கும் ஆர்வம் வந்துவிட்டதால் பிரெஞ்சு வானொலிக்காரர்களின் முறை ஒன்றையும் தெரிந்துகொண்டேன். இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகைக்கு விரித்து வைப்பது. ஏறக்குறைய நம் இரண்டு காதுகளின் இடைவெளி! 1964 முதல் 1974 வரை இருந்த ஓ.ஆர்.டி.எஃப். நிறுவனத்தின் பெயரால்தான் இன்றும் அதை அழைக்கிறார்கள். பேரனின் கோணமானியை வைத்து அளந்துகூடப் பார்த்தேன். திருவிழாக் கூட்டத்தில் இரண்டு மைக்கும் இரண்டு ஒயருமாக யார் காவல் காப்பது? விட்டுவிட்டேன்.

இதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. வித்வானுக்கு முன்பல் இரண்டு விழுந்து சீவாளி நிற்கவில்லை. கோயிலில் மகன் வாசித்துக்கொண்டிருந்தார். நான் போய்க் கேட்டதும், "இனி என்னத்தை சார்" என்றார். மறுநாள் அவரே மகனை அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

அவர் வீட்டு முற்றத்தில், தவில் இல்லாமல், சுருதிப் பெட்டி மட்டும். மைக்கை எட்டடி தள்ளி, அவர் முகத்துக்குச் சற்று மேலே ஸ்டாண்டில் வைத்தேன். கீழே அணைசைப் பார்த்து வைக்கவில்லை. பல சுரங்கள் துளைகளின் வழியே வருகின்றன, அணைசை மட்டும் கேட்டால் ஒரு சுரம் பெரிதாகவும் ஒரு சுரம் சிறிதாகவும் விழும். உச்சத்தில் ஒருமுறை வாசிக்கச் சொல்லி, மீட்டர் சிவப்பைத் தொடாத அளவில் நிறுத்தினேன். பிறகு குமிழைத் தொடவில்லை. தோடி, இருபத்திரண்டு நிமிடம்.

அங்கேயே ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். பல் இல்லாத இடத்தில் காற்று ஒழுகுவதும், நீண்ட பிடிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதும் அதில் தெளிவாகக் கேட்கும். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்து, "மூச்சு வாங்குறது கூட விழுந்திருக்கே சார். அதை மட்டும் வெட்டிருங்க" என்றார்.

சரி என்று தலையாட்டினேன். அடுத்த வருடம் தையில் அவர் போய்விட்டார். அவர் மகனுக்கு நான் பிரதி எடுத்துக் கொடுத்ததில் அந்த மூச்சு அப்படியே இருக்கிறது.