குப்பியில் அடைக்கும் மாதம்

மாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. ரப்பர் மரங்களில் செம்பு நிறத் தளிர் பச்சைக்கு மாறிக்கொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் தோட்டத்துக்குள் நின்று பூவைத் தேடுவார்கள். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. ஒரு காம்பின் நுனியில் மூன்று இலை சேரும் இடத்தில் பொட்டுப் பொட்டாகச் சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றும்வரை அதில் தேன்நீர் துளிர்த்து நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிப்பு தெரியும். மார்கழியில் இலை உதிர்ந்து, தையில் துளிர்த்து, மாசி பங்குனியோடு சுரப்பு முடிந்துவிடும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீக்காரர்களின் ஒரு வருடப் பிழைப்பு பெரும்பாலும் இந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது.

அதனால் என் லேபிளில் ‘பூந்தேன்’ என்று போட முடியாது. அச்சகத்துத் தம்பி சூரியகாந்தியும் ரோஜாவும் வைத்து அழகாகத்தான் செய்து கொடுத்தான். எடுத்துவிடச் சொன்னேன். “பூ இல்லாத தேனுன்னா யாரு அண்ணே வாங்குவா?” என்று கேட்டான். ‘ரப்பர்த் தேன்’ என்று பெரிதாகப் போட்டு, ஒரு காம்பில் மூன்று இலை வரைந்து வைத்தோம். அந்தப் படம் என்ன என்று கேட்கிறவர்களிடம் ஐந்து நிமிடம் பேச முடிகிறது.

*

முப்பது பெட்டி. எல்லாம் நியூட்டன் பெட்டி, நம் நாட்டு அடுக்குத் தேனீ. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூட்டன் என்ற கிறித்தவப் பாதிரியார் நம் சிறிய தேனீக்குத் தக்கபடி அளவு குறைத்துச் செய்த பெட்டி இது. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையம் வழியாகத் தேனீ வளர்ப்பு எங்கள் பக்கத்து வீடுகளுக்கு வந்தது. அப்போது இது திருவிதாங்கூர். ஒரு நல்ல வருடத்தில் பெட்டிக்கு ஏழெட்டுக் கிலோ கிடைக்கும். பிப்ரவரியில் பருவம் தப்பி மழை பெய்தால் இலையில் இருப்பதெல்லாம் கழுவிப் போய்விடும். பனி மூடி இலையில் சாம்பல் நோய் விழுந்தாலும் தளிர் கருகி உதிரும்.

*

எப்போது எடுப்பது? எங்கள் தொழிலின் சண்டையெல்லாம் இந்தக் கேள்வியில்தான்.

தேனீ கொண்டுவரும் தேன்நீரில் பாதிக்கு மேல் தண்ணீர். இரவெல்லாம் சிறகடித்து அதை வற்றவைத்து, பதம் வந்த அறையை மெழுகால் மூடும். மூடிய அறை என்றால் தேன் முதிர்ந்துவிட்டது. சுரப்பு உச்சத்தில் இருக்கும்போது வாரம் ஒருமுறை சட்டத்தை உருவி, மூடாத அடையையும் இயந்திரத்தில் சுற்றி எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. எடை கூடுதலாக நிற்கும். அந்தக் கூடுதல் எடை தண்ணீர்.

முக்கால்வாசி மூடாத சட்டத்தை நான் தொடுவதில்லை. இதனால் எனக்கு இரண்டு சுற்று குறைகிறது. அடுத்த தோட்டத்து அண்ணன் ஆறு சுற்று எடுக்கும் இடத்தில் நான் நான்குதான். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குப் பெண் கல்யாணக் கடன் இருக்கிறது, தேனை மொத்தமாக வாங்குகிறவர் எடைக்குத்தான் பணம் கொடுக்கிறார், பதத்துக்கு இல்லை. முதிர்ந்த தேனுக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று வாங்குகிறவர்கள் சொன்னால் போதும், யாரும் அவசரப்பட மாட்டார்கள்.

*

இன்று ஒளிவிலகல்மானியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். 20.5. நேற்று எடுத்தது 19. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு 20 சதவீத ஈரம். அரைப் புள்ளிக்காக இன்றைய டிரம்மைத் தனியாக வைத்தேன். கடலும் மலையும் இரண்டு மழைக்காலமும் உள்ள ஊரில் நாட்டுத் தேனீத் தேனை இருபதுக்குள் கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. வட இந்தியாவின் வறண்ட காற்றில் இத்தாலியத் தேனீ எடுக்கும் தேனுக்கும் இதற்கும் ஒரே கோடு.

அந்தக் கோட்டுக்குக் காரணம் இருக்கிறது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு வருடம் முன்பு, அளந்து பார்க்காமல் நாற்பது குப்பி அடைத்து ஒரு கடைக்குக் கொடுத்தேன். வைகாசி மழையில் தேன் பொங்கி, மூடி மேலே உப்பி, கடைக்காரர் அலமாரியில் வழிந்தது. திறந்தால் கள் வாடை. ஈரம் கூடினால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். நாற்பதையும் திரும்ப எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். அடுத்த மாதமே மானி வாங்கினேன். பெட்டி வாங்குகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்: பத்துப் பெட்டி வாங்குகிற காசில் ஒன்பது வாங்கி, மீதியில் இதை வாங்குங்கள்.

*

வடிகட்டுதல். முதலில் எஃகு வலை, பிறகு மெல்லிய பருத்தித் துணி. காலையில் தேன் தடித்து நிற்கும், துணியில் இறங்காது. பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் தானாக நூல் விட்டு இறங்கும். இதற்கு அடுப்பு எதற்கு?

ஆனால் அடுப்பு கேட்கிறார்கள். நகரத்துக் கடை ஒன்று என் தேனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்து, ஒரே நிபந்தனை வைத்தது: ஆறு மாதம் உறையாமல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும், அதன் இயல்பு அது. உறையாமல் நிறுத்த வேண்டுமானால் நன்றாகக் காய்ச்சி நுண்ணிய வடிகட்டியில் ஓட்ட வேண்டும். காய்ச்சினால் நொதிகள் போகும், மணம் போகும், எச்.எம்.எஃப். என்கிற பொருள் ஏறும். அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் குப்பிகளை அடுக்கி வைத்தாலே அது மெல்ல ஏறும். அந்தக் கடைக்கு நான் கொடுக்கவில்லை. அந்த வருடம் அறுபது கிலோ கையில் நின்றது. கஷ்டமாகத்தான் இருந்தது.

*

வடித்த தேனை மூன்று நாள் மூடி வைக்க வேண்டும். நுரையும் மெழுகுத் துணுக்கும் மேலே வந்துவிடும். அதை வழித்துவிட்டு, அடிக் குழாயிலிருந்து பிடிக்க வேண்டும். குப்பியைச் சாய்த்து, சுவரோடு ஒட்டி இறங்க விட்டால் காற்றுக் குமிழ் சேராது. குப்பிகளை முந்தின நாளே வெந்நீரில் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பது அம்மாவின் பொறுப்பு. ஒரு சொட்டுத் தண்ணீர் அடியில் நின்றாலும் அந்தக் குப்பி கெட்டது. மழை பெய்யும் நாளில் அடைப்பதே இல்லை. தேன் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

*

“லிட்டர் என்ன விலை?”

சந்தையில் இதைத்தான் கேட்கிறார்கள். எண்ணெய்க்கும் பாலுக்கும் பழகிய கேள்வி. தேன் ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ. 750 மில்லி குப்பியில் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாகவே பிடிக்கும். அரைக் கிலோவுக்கு 360 மில்லி போதும். ‘அரை லிட்டர்’ என்று நினைத்து வாங்குகிறவர் கையில் அரைக் கிலோ குப்பி சின்னதாகத் தெரியும், ஏமாற்றுகிறேன் என்று முகம் மாறும். தராசைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். காலிக் குப்பியை வைத்து, எடையைக் கழித்து, நிறைத்த குப்பியை வைத்துக் காட்டுகிறேன். சைக்கிளில் ‘மலைத்தேன்’ விற்கிறவரிடம் பிராந்திக் குப்பியில் வாங்கும்போது யாரும் எடை கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

*

பாட்டி ஒருவர், போன வருடம் வாங்கியவர், குப்பியோடு வந்தார். அடியில் பாதிக்கு வெள்ளையாக உறைந்திருந்தது.

“என்ன மக்ளே, சீனி கலந்தாச்சா?”

“இல்ல பாட்டி, தேன்தான் உறைஞ்சிருக்கு.”

குப்பியைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்தேன். பேசிக்கொண்டிருந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மெல்ல இளகியது. தேனிலுள்ள குளுக்கோஸ் படிகமாகப் பிரிவதுதான் உறைவது. கலப்படமில்லாத தேனும் உறையும், சிலது வேகமாக, சிலது மெதுவாக. சூடு நாற்பது டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னேன். “அடுப்புல வைக்கக்கூடாது, அப்படித்தானே?” என்றார். இப்போது இதையும் லேபிளில் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டேன்.

தண்ணீரில் விட்டால் நேராக அடிக்குப் போக வேண்டும், தீக்குச்சியை நனைத்துப் பற்றவைத்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக்கூடாது, நாய் நக்கக்கூடாது என்றெல்லாம் சொல்வார்கள். இவை எதுவும் தேனைச் சோதிக்காது. கெட்டியான சீனிப் பாகும் தண்ணீரில் நேராக அடிக்குத்தான் போகும். எறும்புக்குப் பயந்துதானே நாங்கள் பெட்டியின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துகிறோம்! 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடைகளில் விற்கும் பல பிராண்டுத் தேன்களில் பாகு கலந்திருக்கிறது, வழக்கமான பரிசோதனைகளுக்கு அது அகப்படுவதில்லை என்றார்கள். ஆய்வகத்தை ஏமாற்றத் தெரிந்த பாகைத் தீக்குச்சியால் பிடிக்க முடியுமா? வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுதான்: பெட்டியை வந்து பாருங்கள், யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று கேளுங்கள்.

*

கேட்டால் இதையும் சொல்லிவிடுகிறேன். நானும் சீனிப் பாகு காய்ச்சுகிறேன். ஆனி முதல் ஐப்பசி வரை மழையில் தேனீக்கு வெளியே ஒன்றும் கிடைக்காது. பாகு வைக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் செத்துப்போகும், அல்லது பெட்டியை விட்டு ஓடிவிடும். தேன் சேரும் மேல் தட்டு வைப்பதற்கு முன்பே அந்தப் பாகு நின்றிருக்க வேண்டும். மார்கழி பிறந்த பிறகு என் வீட்டில் தேனீக்காகச் சீனி வாங்குவதில்லை. தளிர் விட்ட பிறகும் பாகு வைத்தால் அது தேனறையில் போய் உட்காரும், தேனீ கையாலேயே கலப்படம் நடக்கும். மறைக்க வேண்டிய விஷயம் இல்லை இது. எந்த மாதம் வைத்தோம், எந்த மாதம் நிறுத்தினோம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

*

1991-92. தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியா முழுக்கப் பரவிய வருடங்கள். புழுக்கள் நீர் கோத்த பையாகி அறைக்குள்ளேயே செத்தன. பத்தில் ஒன்பது கூட்டங்களுக்கு மேல் அழிந்தன. அப்பாவின் பெட்டிகளில் இரண்டு மிஞ்சின. வாடிக்கை வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வந்து, கொஞ்சம் பாகு சேர்த்தாவது சரக்குக் கொடுங்கள், பெயர் கெடாமல் இருக்கட்டும் என்றார். அப்பா அவருக்குச் சாயை கொடுத்து அனுப்பிவிட்டார். குப்பிகளைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்தார். மூன்று வருடம் நிமிர்த்தவில்லை. அந்த மூன்று வருடமும் ரப்பர் பால் வெட்டக் கூலிக்குப் போனார்.

இன்று எங்கள் பெட்டிகளில் இருப்பவை அந்த நோய்க்குத் தாக்குப்பிடித்த கூட்டங்களின் வழி வந்தவை. அந்த இரண்டையும் பிரித்துப் பிரித்துத்தான் முப்பது ஆக்கினோம்.

*

சிறுதேன் கேட்டு இரண்டு பேர். கொடுக்கில்லாத தேனீயின் தேன். இந்த வருடம் பானைகளில் மொத்தமே ஒன்றரைக் கிலோதான். ஈரம் அதிகம், லேசாகப் புளிக்கும், அது அதன் குணம். கழுத்துவரை நிறைக்காமல் சின்னக் குப்பியில் கொடுக்க வேண்டும். மூடியை அவ்வப்போது தளர்த்தச் சொல்லி வைக்க வேண்டும்.

*

லேபிளில் கடைசியாகச் சேர்த்த வரி: ‘ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.’

வீட்டில் இதற்கு எதிர்ப்பு. பிறந்த பிள்ளைக்குச் சேனை தொட்டு வைக்கக் காலங்காலமாகத் தேன் வாங்குகிறார்கள். என்னிடமே ஊரில் நான்கைந்து வீட்டார் அதற்கென்றே வாங்குவார்கள். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. பச்சைப் பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கினால் பிள்ளை துவண்டுபோகும், பாலை உறிஞ்சக்கூட முடியாது, மூச்சும் அடங்கலாம். வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அந்த வித்து போகாது. எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது. அரிதாகத்தான் வரும். ஆனால் என் குப்பியிலிருந்து வரக்கூடாது.

“தேன் விக்கிறவன் தேன் குடுக்காதேன்னு எழுதுவானா?” என்று அம்மா கேட்டாள். தங்கைக்கு ஐப்பசியில் பிள்ளை பிறந்தபோது சேனைக்கு அம்மாவே தேன் எடுக்கவில்லை. கேட்ட உறவுக்காரியிடம், “டாக்டர் வேண்டாம்னு சொல்லியாச்சு” என்று முடித்துவிட்டாள். டாக்டர் அப்படிச் சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

*

ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு சின்னக் குப்பி எடுத்து, தேதி, தோட்டம், ஈரம் எழுதி, அறைக்குள் இருட்டில் வைக்கிறேன். யாராவது குறையோடு வந்தால் அதே டிரம்மின் குப்பியைத் திறந்து இரண்டு பேரும் பார்க்கலாம். இந்த வருடம் இதுவரை ஐந்து. 20.5 காட்டிய டிரம்முக்கும் ஒன்று எடுத்து வைத்தேன். அந்தத் தேன் விற்பனைக்கு இல்லை. வீட்டுக்கும், நெல்லிக்காய் ஊறப்போடவும்.

சுற்றி முடித்த சட்டங்களை நாளை விடிவதற்குள் திரும்பக் கொண்டு வைக்க வேண்டும். அடை உடையாமல் இருக்கிறது, தேனீ மறுபடி மெழுகு கட்ட வேண்டியதில்லை. பதினெட்டாம் நம்பர் பெட்டியில் பழுப்பு எறும்பு ஏறியிருக்கிறது. கிண்ணத்தில் தண்ணீர் வற்றியிருக்கும்.