தாமிரபரணிக் கரையில் வடுமாங்காய்ப் பருவம்

திருநெல்வேலிச் சீமைக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகப் போகிறார்கள். ஒன்று குற்றால அருவி, மற்றொன்று அல்வா. அருவி ஆனி, ஆடியில் விழும். அல்வா பன்னிரண்டு மாதமும் கிடைக்கும். ஆகையால், வெயில் மண்டையைப் பிளக்கும் பங்குனி மாதத்தில் அந்தப் பக்கம் கிளம்புகிறவர்களைக் கண்டு உற்றார் உறவினர் அனுதாபப்படுவது இயற்கையே. ஆனால், அந்த நாட்டுச் சமையலறைகளின் செல்வத்தைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்களுக்குப் பங்குனியை விடச் சிறந்த மாதம் கிடையாது என்று நான் சாதிப்பேன்.

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் தூரம் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. பிறப்பிடமும் சேருமிடமும் தமிழ்நாட்டுக்குள்ளேயே அமைந்த நதி அது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே அதற்கு நீர் அளிக்கின்றன. அதனால்தான் கரையோரத்து ஊர்களில் நெல்லும் வாழையும் மட்டுமின்றி, வீட்டுக்கு வீடு புழக்கடையில் மாவும் நார்த்தையும் சுண்டைக்காய்ச் செடியும் செழித்திருந்தன.

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குச் செல்லும் ரயிலில் ஏறினால், சேரன்மகாதேவியையும், நாதஸ்வர வித்வான் அருணாசலத்தின் பெயரோடு இணைந்துவிட்ட காருகுறிச்சியையும், வீரவநல்லூரையும் கடந்து கல்லிடைக்குறிச்சி வரும். நதிக்குத் தென்கரையில் இவ்வூர், வடகரையில் அம்பாசமுத்திரம். இங்கே கோயில் கொண்டுள்ள ஆதிவராகப் பெருமாளைக் குறித்து முத்துசுவாமி தீக்ஷிதர் ஆபோகி ராகத்தில் ஒரு கீர்த்தனம் இயற்றியிருக்கிறார். சங்கீத ரசிகர்கள் இவ்வூரின் பெயரை அதனால் அறிவார்கள். மற்றவர்கள் அப்பளத்தினால் அறிவார்கள். அப்பளத்தின் கீர்த்திக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர்தான் என்று ஊரார் சொல்கிறார்கள். தண்ணீரைக் குடித்துப் பார்த்தபின் அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பள்ளியில் என்னுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் தாய்வீடு இவ்வூரில் இருக்கிறது. அவருடைய அழைப்பின் பேரிலேயே நான் சென்றிருந்தேன்.

மொட்டை மாடியை இந்தப் பக்கத்தில் ‘தட்டட்டி’ என்பார்கள். காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுத் தட்டட்டியில் ஏறி நின்றேன். அடேயப்பா, என்ன காட்சி! கோரைப் பாய்களின் மேல் பழைய வேட்டிகளை விரித்து, வரிசை வரிசையாகக் காயப் போட்டிருந்தார்கள். (சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் நெய்யும் பட்டுப் பாயை இதற்கு விரிக்க யாருக்கும் மனம் வராது, இவை சாதாரணப் பாய்கள்.) ஒரு பக்கம் மணத்தக்காளியும் சுண்டைக்காயும், மறுபக்கம் கொத்தவரங்காயும், தென்பாண்டி நாட்டார் விரும்பி உண்ணும் மிதுக்கங்காயும். சுருள் சுருளாக நறுக்கி உப்புத் திணித்த நார்த்தங்காய் ஒரு மூலையில் கறுத்துக்கொண்டிருந்தது. மிளகாய்கள் இரவெல்லாம் உப்பிட்ட புளித்த மோரில் கிடந்துவிட்டு வெயில் காய வந்திருந்தன. மாலையில் மீண்டும் மோருக்கே திரும்பிவிடும். மோர் முழுவதையும் மிளகாய் உறிஞ்சிக்கொள்ளும் வரையில் இந்தப் போக்குவரத்து நடக்கும்.

இத்தனையும் இந்த இரண்டு மாதத்திற்குள் முடிந்தாக வேண்டும். ஆனி பிறந்தால் மேற்கு மலையிலிருந்து சாரல் வந்துவிடும். ஈரக் காற்று பட்ட வற்றல் பூஞ்சணம் பூத்துப் போகும். ஆகவே குற்றாலத்துக்குச் சீசன் எப்போது ஆரம்பம் என்று நாம் பத்திரிகையைப் பார்த்துக் காத்திருக்கிறோமே, அதே தேதிக்கு முன்னால் சாடிகளைக் கட்டிவிட வேண்டுமென்று இவ்வூர்ப் பெண்கள் பறந்துகொண்டிருக்கிறார்கள்.

வற்றலுக்கும் ஊறுகாய்க்கும் அடிப்படையான தத்துவம் ஒன்றே. நீர் உள்ள இடத்தில்தான் உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். வெயில் அந்த நீரை ஆவியாக்கி விரட்டுகிறது. உப்போ, காயின் உள்ளிருக்கும் நீரைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. அந்த உப்பு நீரையும் காயின் புளிப்பையும் தாங்கிப் பிழைக்கும் சில நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அழுக வைக்கும் கூட்டம் அங்கே தலைகாட்ட முடிவதில்லை. ரசாயன சாஸ்திரம் இதற்கு விளக்கம் கண்டுபிடிக்கும் முன்பே நம் பாட்டிமார் காரியத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த உப்பும் அதிக தூரத்திலிருந்து வரவில்லை. நதி கடலில் சேருமிடத்துக்கு வடக்கே தூத்துக்குடி உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று விரிந்து கிடக்கின்றன. நதியின் மேற்பகுதி காயைக் கொடுக்கிறது. கீழ்ப்பகுதி உப்பைக் கொடுக்கிறது. இரண்டும் ஒரு பீங்கான் சாடிக்குள் சந்திக்கின்றன. இந்த உப்புக்கும் வரி கொடுக்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளினார்கள். வரி ஒழிந்தது 1947-ல்தான். ஒரு சாடி ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு வேண்டுமென்று அறிந்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தப் போராட்டத்தின் பொருளை விரிவுரை செய்து விளக்க வேண்டியதில்லை.

இனி, வடுமாங்காய்க்கு வருவோம். அந்த வீட்டு ஆச்சிக்கு வயது எண்பதுக்கு மேல். புழக்கடையில் நிற்கும் ஒற்றை நாட்டு மாமரத்திலிருந்து, உதிர்ந்து அடிபட்டவற்றை ஒதுக்கிவிட்டு, காம்போடு பறித்த வடுக்களை மட்டும் ஆச்சி எடுத்துக்கொண்டாள். கழுவித் துடைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி, விளக்கெண்ணெயை உள்ளங்கையில் தடவி வடுவுக்கு மெருகு ஏற்றினாள். எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு. பிறகு மிளகாய்ப் பொடி, மஞ்சள், கடுகுப் பொடி. அப்புறம் தினந்தோறும் சாடியைக் குலுக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் நீர் விட்டுக்கொள்ளும். வடுவின் தோல் சுருங்கும். மாதம் ஒன்று கழிந்தால் தயிர் சாதத்துக்குத் துணை தயார்.

ஆச்சியின் பேத்தி பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறாள். விடுமுறையில் வந்திருந்த அவள் ஒரு சிறிய மின்தராசையும் கொண்டு வந்திருந்தாள்.

“ஆச்சி, ஒரு பிடின்னா எத்தனை கிராம்? சொன்னா எழுதிக்கிடுவேன்.”

“ஏட்டி, என் கையை எப்படி எழுதுவே?” என்று ஆச்சி சிரித்தாள். ஆயினும் தராசில் மூன்று பிடி உப்பைத் தனித்தனியே வைத்தாள். 62, 60, 63 கிராம் என்று காட்டியது. எண்பது வயதுக் கையின் நிதானத்தைக் கண்டு நான் பிரமித்துப் போனேன். பேத்தி வெற்றியோடு குறித்துக்கொண்டாள். ஆனால் அளந்த உப்பெல்லாம் போட்டான பிறகு, ஆச்சி இன்னும் அரைப் பிடியை அள்ளிச் சாடிக்குள் போட்டுவிட்டாள்.

“கணக்கு முடிஞ்சிட்டே ஆச்சி, இது எதுக்கு?”

“போன வாரம் கோடை மழை பெய்ஞ்சதுல்லா? இது மழை குடிச்ச காய். தண்ணி கூட விடும்.”

பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வாக்கியம் அது.

புத்தகத்தை நான் குறை சொல்லவில்லை. 1951-ல் எஸ். மீனாக்ஷி அம்மாள் ‘சமைத்துப் பார்’ முதற்பாகத்தை வெளியிட்டது நம் குடும்பங்களுக்குச் செய்த பேருபகாரம். தாயையும் மாமியாரையும் விட்டுத் தொலைதூரம் போன எத்தனையோ பெண்களுக்கு அந்நூல் கைகொடுத்திருக்கிறது. ஆயினும் நூல் சொல்வது பொது அளவு. இந்த வருஷத்து மழையையும் இந்த மரத்துக் காயையும் அறிந்தது பக்கத்தில் நின்று பழகிய கை. அளவைப் புத்தகத்தில் வாங்கலாம். பதத்தைப் பக்கத்தில் நின்றுதான் பெற வேண்டும்.

அப்படி நிற்பதற்குத்தான் இப்போது ஆள் இல்லை. என் தோழி என்னிடம் சொன்னார்: “அம்மா வருஷா வருஷம் போட்டு அனுப்பிவிடுவா. கத்துக்கிடணும்னு எனக்குத் தோணவே இல்லை.” படித்து, உத்தியோகம் பார்த்து, குழந்தைகளை வளர்த்தவரிடம் இதைக் குற்றமாகச் சொல்லலாமா? அன்பு மிகுந்து அனுப்பிய சாடிகளே ஒரு தலைமுறையின் பாடத்தை நிறுத்திவிட்டன. அந்த வீட்டில் பாட்டியிடமிருந்து பேத்திக்கு நேராகத் தாண்டிப் போகிறது வித்தை. பேத்தி இரண்டு வருஷம் தாமதித்திருந்தால் தாண்டுவதற்கு எதிர்க்கரையே இருந்திராது.

மரங்களின் கதையும் அப்படித்தான். அடுத்த மனையை ஆறு வருஷங்களுக்கு முன் விற்றார்களாம். அங்கே நின்ற இரண்டு வடுமாவும் ஒரு நார்த்தையும் போய், இப்போது மூன்று அடுக்குக் கட்டிடம் நிற்கிறது. ஆச்சியின் மரம் ஒன்றே மிச்சம். மாங்கொட்டையைப் புதைத்தால் தாயைப் போலவே கன்று வரும் என்பது நிச்சயமில்லை; அதே ருசியும் மணமும் வேண்டுமானால் அந்த மரத்துக் கிளையிலிருந்தே ஒட்டுக்கட்ட வேண்டும். பேத்தி இந்த விஷயத்தையும் விசாரித்து வைத்திருந்தாள். மழைக்காலத்தில் ஒட்டுக்கட்டுவதற்கு ஊரிலுள்ள தோட்டக்காரர் ஒருவரிடம் பேசியும் விட்டாள். பெங்களூரில் மண் இல்லாவிட்டால், சித்தப்பாவின் தென்காசி வீட்டில் நடுவதாக ஏற்பாடு.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஊறுகாயை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்வது நியாயமே. போடுவதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் அவர்கள் தடை சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையில் வீட்டுக்கு ஒரு சாடியேனும் போடுங்கள். போடும்போது வீட்டிலுள்ள பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, பெண்பிள்ளை, ஆண்பிள்ளை என்ற பேதம் பாராமல் குழந்தைகளை உப்பில் கை வைக்கச் சொல்லுங்கள். என்ன அளவு என்று மட்டும் கேட்காமல், ஏன் அந்த அரைப் பிடி அதிகம் என்றும் கேட்கச் சொல்லுங்கள். புழக்கடை இல்லாதவர்கள் கடைத்தெருவில் வடு வாங்கலாம். தொட்டியில் ஒரு மணத்தக்காளிச் செடி வைக்கலாம். ஆனி மாதத்துச் சாரல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நம் வீட்டு ஆச்சிகளும் வெகுகாலம் காத்திருக்க மாட்டார்கள்.