அசைவு ஒன்று, பயன் பல

கராத்தே வகுப்பில் சேரும் மாணவர்கள் சிலர், சில வாரங்களிலேயே சலிப்படைகின்றனர். ஒரே அசைவைக் காற்றில் நூறு முறை செய்வதால் என்ன பயன் என்று கேட்கின்றனர். தெருவில் திடீரெனத் தாக்குபவன், வகுப்பில் கற்ற முறைப்படியா தாக்குவான்? கேள்வி நியாயமானதுதான்.

ஒக்கினாவாத் தீவில் 1868ஆம் ஆண்டு பிறந்த ஃபுனாகோஷி கிச்சினும் இத்தகைய பயிற்சியையே பெற்றார். 'காத்தா' எனப்படும் ஓர் அசைவுத் தொடரை அவர் இரவுதோறும், மாதக்கணக்கில் செய்தார். ஆசிரியர் மனநிறைவு அடையும்வரை அடுத்த தொடருக்குச் செல்ல அவருக்கு அனுமதி இல்லை. அவர்தாம் 1922ஆம் ஆண்டு தோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டி, அக்கலை ஜப்பான் முழுவதும் பரவ வழிவகுத்தார்.

திரும்பத் திரும்பச் செய்வதன் பயனை அறிய, 'கீழ்த்தடுப்பு' என்னும் அடிப்படை அசைவைப் பார்ப்போம். ஒரு கை, மறுபக்கக் காதருகிலிருந்து உடலின் குறுக்கே கீழ்நோக்கி வீசப்படும். மற்றொரு கை இடுப்பை நோக்கி இழுக்கப்படும். வயிற்றை நோக்கி வரும் உதையைத் தட்டிவிடவே இதை முதலில் கற்பிப்பர். ஆனால், ஒருவன் மணிக்கட்டைப் பற்றினால், இடுப்புக்கு இழுக்கும் கை அவனது பிடியைத் தளர்த்தும். வீசும் கை அவனது முன்கையைத் தட்டிவிடும். சட்டையைப் பிடித்தால், அதே வீச்சு அவனது முழங்கை மடிப்பில் இறங்கும். அசைவு ஒன்றே, பயன் மூன்று.

ஆபத்து நேரத்தில் இவற்றுள் ஒன்றை எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க அவகாசம் இருக்காது. நெஞ்சு படபடக்கும், சிந்தனை தடுமாறும். அப்போது உடலில் ஊறிய அசைவே சூழலுக்கேற்ப உருமாறிக் கைகொடுக்கும். தமிழில் உள்ள 247 எழுத்துகளைக் கற்ற நாம், மனனம் செய்த வாக்கியங்களை மட்டுமா பேசுகிறோம்? இதுவரை யாரும் கேட்காத கேள்விக்கும் உடனே மறுமொழி கூறுகிறோம் அல்லவா? தற்காப்பும் அத்தகையதே.

எனினும், தனிப் பயிற்சி மட்டும் போதாது. எப்படித் தாக்குவார் என்று முன்கூட்டியே சொல்லாத பயிற்சித் துணையுடன், ஆசிரியரின் மேற்பார்வையில் பழக வேண்டும். மேலும், தற்காப்பின் நோக்கம் எதிரியை வெல்வதன்று. பாதுகாப்பாக வீடு திரும்புவதே. பிடி தளர்ந்த மறுநொடியே விலகி ஓடி, உரக்கக் குரல் கொடுத்து உதவி கேட்பவரே கற்ற கலையைச் சரியாகப் பயன்படுத்தியவர் ஆவார்.