மறுபடியும் பாடுவது

பீட்டர் கேப்ரியல் 1982இல் பாடிய ‘வால்ஃபிளவர்’ அரசியல் கைதிகளைப் பற்றிய பாடல். சிறையில் வதைபடும் ஒருவரைப் பார்த்து நேராகப் பேசுவது. 2011இல் ‘நியூ பிளட்’ ஆல்பத்தில் அதையே ஆர்கெஸ்ட்ராவுடன் மறுபடி பாடினார். கிட்டாரும் டிரம்ஸும் கூடாது என்று தனக்குத்தானே விதி வைத்துக்கொண்டார். இசைக்கோர்வையில் உடன் உழைத்தவர் ஜான் மெட்காஃப்.

வயலின்கள் சேர்ந்தால் வலி வெறும் அழகாகிவிடாதா? நியாயமான கேள்விதான் தோழர்களே. அரங்கில் கைதட்டல் வாங்கிக்கொண்டு, சிறைக் கதவை மறந்துபோகும் இசையை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம்.

இங்கே அப்படி நடக்கவில்லை. தாளம் விலகியதும் குரல் ஒளிய இடமில்லாமல் நிற்கிறது. 32 வயதில் பாடியவர் 61 வயதில் பாடுகிறார். உள்ளே இருப்பவருக்கும் அத்தனை வயது ஏறியிருக்கும் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

கைதான முதல் வாரம் எல்லோரும் போஸ்டர் ஒட்டுகிறோம். ஜாமீன் கிடைக்காத மூன்றாம் ஆண்டில் அந்தப் பெயரை எத்தனை பேர் சொல்கிறோம்? புதுப் பாட்டு கட்டுவோம், தேவைதான். பழைய பாட்டையும் விடாமல் பாடுவோம். அவர் இன்னும் வெளியே வரவில்லை.