தென்னமரம் தோட்டத்துக் குலை

கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில் மாமா சட்டென்று காரை ஓரங்கட்டினார். ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வைத்துப் பல வருஷமாகிறது. மாமா வாயில் அது இன்னும் நுழையவில்லை. முன்னால் போன லாரியிலிருந்து செம்பனைக் குலை ஒன்று உருண்டு விழுந்து நடுரோட்டில் கிடந்தது.

எழுபது தாண்டிய மனுஷன் குனிந்து தூக்கினார். இருபது கிலோவாவது இருக்கும். சுற்றிலும் முள், முள்ளுக்கு நடுவே கருஞ்சிவப்புப் பழங்கள். ஒன்றை நகத்தால் கீறிக் காட்டினார். மஞ்சள் கலந்த சிவப்பில் எண்ணெய் கசிந்தது. புல்லோரமாக வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"கார்ல போட்டுக்கலாமே மாமா?"

"வேணாம் தம்பி. எங்க காலத்துல உதிரிப்பழம் பொறுக்குனாலே திருட்டுக் கேஸு. மேல லாரி ஏறக் கூடாதுன்னுதான் தள்ளி வச்சேன்."

நாங்கள் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் ஒரு பரிசு. 2024இல் ஆசமோக்லு, ஜான்சன், ராபின்சன் மூவருக்கும் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். சில நாடுகள் பணக்கார நாடுகளாகவும் சில நாடுகள் ஏழை நாடுகளாகவும் இருப்பது ஏன் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. மண்ணையும் வெயிலையும் ஜனங்களின் குணத்தையும் காரணமாகச் சொல்வதை அவர்கள் ஒப்புவதில்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறது, சட்டம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதைப் பற்றிப் படித்து முடித்ததும் மாமாவுக்குத்தான் போன் போட்டேன். "தோட்டத்துப் பக்கம் ஒரு சுற்று போயிட்டு வரலாமா?"

இந்தப் பக்கத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே தெரியும், நம் ஆட்கள் வாயில் புழங்கிய பெயர். 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இந்த இடத்தில்தான் போடப்பட்டது. போட்டவர் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயா வந்து ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் நட்டவர். பணம் சேர்த்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது அவர் கனவு. அது அப்படியே பலித்தது. தோட்டம் அவரைப் பணக்காரராக்கியது. துனிசியாவில் போய்க் குடியேறினார். மலாயாவை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசு கிடைத்தது. அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. என் தாத்தாவும் பணம் சேர்க்கத்தான் கப்பல் ஏறினார். அவர் கனவு என்னவென்று கேட்டு வைத்தவர்தான் எங்கள் வீட்டில் யாரும் இல்லை.

1920களில் உலக ரப்பரில் ஏறக்குறையப் பாதி மலாயாவிலிருந்து போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு டாலருக்குத் திண்டாடிய பிரிட்டனைத் தாங்கியதில் இந்த ரப்பர் மரத்துப் பாலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆக, இந்த மண்ணில் பணம் விளையவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்கள் சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று இருட்டிலேயே நிரைக்குள் இறங்கி, ஆளுக்கு நானூறு ஐந்நூறு பால்மரம் வெட்டியவர்கள். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வு கேட்டார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். அவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிக்கொண்டு போக அனுமதி. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். சைக்கிளில் உட்காரக்கூட விடாத இடத்தில் நிலம் எங்கே கேட்பது?

மாமா பிறந்த லயம் இருந்த இடத்தைத் தேடினோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். வரிசை வரிசையாகச் செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது, சுண்ணாம்பு அடித்து. "இங்கதான் ஆயாக்கொட்டகை, அங்க பால் ஸ்டோரு" என்று மரங்களைக் கைகாட்டினார். முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டிய மாமாவின் அப்பாவுக்கு ஒரு நாள் கடிதம் வந்தது: வேலை முடிந்தது, வீட்டைக் காலி செய்யவும். லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. அவர்களிடம் சொத்து என்று இருந்தது நாலு மாடு. பட்டணத்து அடுக்குமாடிக்கு மாட்டை எங்கே ஓட்டிப்போவது? வந்த விலைக்கு விற்றார்கள்.

இது நடக்கும் என்று முன்பே கண்டவர் ஒருவர் இருந்தார். ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்கத் தொடங்கியபோது, அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். தொழிலாளி காசில் தோட்டமே வாங்க முடியும் என்று நிரூபித்த காரியம் அது. அதைப் போல இன்னும் பத்து முயற்சிகளாவது வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நிரைக்குள் வங்காளதேசத்துப் பையன் ஒருவன் நீளக் கழியில் கட்டிய அரிவாளால் குலை இறக்கிக்கொண்டிருந்தான். ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு வந்தவன். என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான். மலேசியாவின் தனிநபர் வருமானம் இன்று இந்தியாவைப் போல நாலு மடங்குக்கும் மேல். தாத்தா கணக்கில் ஜெயித்துவிட்டார் என்று சொல்லலாம். "எப்போ ஊருக்குப் போவ?" என்று மாமா மலாயில் கேட்டார். கடன் அடைந்ததும் என்றான் அவன். மாமா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் வடக்கே செக்கிஞ்சான் போனோம். தஞ்சோங் காராங் தாண்டியதும் காட்சியே வேறு. முப்பதுகளில் தொடங்கிய பாசனத் திட்டம், கண்ணுக்கெட்டியவரை நெல். சீனக் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும் தங்கள் வயலில் தாங்களே பயிர் செய்கிறார்கள். விளைச்சல் நாட்டுச் சராசரியை வெகுவாக மிஞ்சும். அரசாங்க மானியமும் மலிவான தண்ணீரும் இதில் சேர்த்தி, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த மானியம் வந்து சேர ஒரு வயல் சொந்தமாக இருக்க வேண்டும்.

வரப்பில் உட்கார்ந்திருந்த சீனத்துப் பெரியவரிடம் எத்தனை ஏக்கர் என்று மாமா விசாரித்தார். மூன்று ஏக்கர், அப்பாவுடையது என்றார். பிள்ளைகள் கோலாலம்பூரில் படித்து வேலையில் இருக்கிறார்களாம். அவருக்கும் மாமாவுக்கும் ஒரே வயது. இருவரும் கொஞ்ச நேரம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்று வாங்கினோம். பேரம் பேசாமல் மாமா காசு கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொழுது சாயும்போது வந்த வழியே திரும்பினோம். காலையில் குலையை வைத்த இடத்துக்கு வந்ததும் மாமா வேகத்தைக் குறைத்தார். புல் மட்டும் நசுங்கிக் கிடந்தது.

"யாரோ எடுத்துட்டாங்கடா," என்றார். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது.